நாலாம் தரம்

வட்டி என்று பேர் வைத்தது நானில்லை.
ஆயிரத்து ஐந்நூறு பாக்கிக்குப் பதிலாக
குட்டியை வாசலில் விட்டுப்போன
முத்துக்கடை தேங்காய் வியாபாரியும் இல்லை.
எழிலரசிதான் வைத்தாள்,
"அசல் வராது, இதுனாச்சும் வந்துதே" என்று.

ஏழு வயசு இப்போது.
இரண்டு வருஷமாக அதன் வயிறு
தன்னோடு தானே சண்டை போடுகிறது.
தின்றது நிற்பதில்லை.
பூசணி, தயிர்சாதம், வேகவைத்த கோழி,
பிறகு கோழியே இல்லாத டப்பா உணவு,
பிறகு தாகம் கூட்டும் ஸ்டீராய்டு மாத்திரை.
விலா எலும்புகளை எண்ணலாம். எண்ணினேன்.

என் வேலை தோல் தரம் பிரிப்பது.
சிப்காட்டில், ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில்,
நாளைக்கு நானூறு ஆட்டுத்தோல்.
உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கோடு,
பட்டினி கிடந்த மெலிவு,
எல்லாம் விரல் போகும்போதே சொல்லிவிடும்.
உயிரோடு இருக்கையில் ஒருவரும் கேட்காத நோயை
செத்தபிறகு நான் வாசிக்கிறேன்.
சாக்பீஸ் குறி. அடுத்தது.

காட்பாடியில் டாக்டர் பர்ஹானா
குழாய்க் கேமராவில் எடுத்த படத்தைத் திரையில் போட்டார்.
வட்டியின் குடல்.
உள்பக்கம் திருப்பின தோல் அது:
சிவந்து, அங்கங்கே உரிந்து,
தொட்டால் கசியும்போல.
என்னை மீறி வாய் சொல்லிவிட்டது,
"நாலாம் தரம்."
டாக்டர் திரும்பிப் பார்த்தார்.
எழிலரசி தொடையில் கிள்ளினாள்.

ஸ்டெம் செல் என்றார் டாக்டர்.
சத்துவாச்சாரியில் ஒரு ராஜபாளையத்துப் பெண்நாய்க்குக்
கருத்தடை செய்தபோது எடுத்த கொழுப்பு,
ஒரு கைப்பிடிகூட இல்லை,
அதிலிருந்து பிரித்து, லேபில் வளர்த்து,
ஐஸ் பெட்டியில் வரும்.
"புதுக் குடல் முளைக்குமா?"
"இல்லீங்க. அது குடலா மாறாது.
போய்க் கொஞ்சநாள் தங்கும்.
வெறிபிடிச்சு நிக்கிற அணுக்கள்கிட்ட
அடங்குன்னு சொல்லும். அப்புறம் போயிடும்."
"கேட்குமா?"
"சில உடம்பு கேக்குது. சிலது கேக்கல.
இன்னும் சோதனையிலதான் இருக்கு.
படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மூன்று பக்கம். உத்தரவாதம் என்ற சொல் எங்குமில்லை.
தொகை இருந்தது.

ஷெட்டில் தாமோதரன் சிரித்தான்.
"இன்னாபா, நாள்பூரா உரிச்ச தோல கையில வச்சிகினு
நாய்க்கு ஊசி போட லோன் கேக்கற."
எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை.
அன்றைக்கு என் கையிலிருந்த தோலில்
இடது விலாப்பக்கம் ஒரு பழைய தழும்பு.
யாரோ அந்த ஆட்டுக்கு
ஊசிநூல் எடுத்துத் தைத்திருக்கிறார்கள்.
கோணல்மாணலாக, ஐந்து தையல்.
அதற்கு மூன்றாம் தரம்தான் போடவேண்டும். போட்டேன்.
சாக்பீஸ் கொஞ்சநேரம் கையிலேயே இருந்தது.

முன்னங்கால் முடியை மழித்து
சொட்டுச் சொட்டாக நாற்பது நிமிஷம்.
வரும்வழியில் பார்த்த பாலாறு ஞாபகம் வந்தது,
பாலத்தடியில் வெறும் மணல்.
அடியில் ஓடுகிறது என்பார்கள்.
வட்டி தலையை என் செருப்பின்மேல் வைத்துக்கொண்டது.
வேறொரு நாய் தனக்குள் வருவது
அதன் மூக்குக்குத் தெரிந்ததோ என்னவோ.

பதினெட்டாம் நாள், விடியற்காலை ஐந்தேகால்.
ஈ.பி. ஆபீஸ் சுவரோரம்
செல்போன் டார்ச்சோடு குனிந்து நின்றேன்.
உருண்டையாக. கெட்டியாக.
பால்காரர் வண்டியை நிறுத்தி
"இன்னா சார் தொலைச்சிட்டீங்க?" என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.
முதல் தரம் என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் மாதம் மறுபடி ஒரு வாரம் கழிச்சல்.
இன்னொரு தவணை பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.
காலண்டர் தாளின் பின்பக்கம்
எழிலரசி கூட்டிக் கழித்து எழுதுகிறாள்,
வட்டிக்கு வட்டி.
சமையலறையில் அது
காலிக் கிண்ணத்தை நக்கி நக்கி
சுவர்வரை தள்ளிக்கொண்டு போகிற சத்தம்.