தண்ணி நண்டு

மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
எனக்குத் தரம் பிரிக்கிற வேலை.
புரட்டிப் போட்டு
அடிவயிற்றில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
அமுங்கினால் தண்ணி நண்டு, பாதி விலை.
எதிர்த்து நின்றால் சதை.
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வயிறு.
இந்த விரலை நம்பித்தான்
வண்டி வாங்கக் கிளம்பினேன்.

ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை.
கோயம்புத்தூர் டிராக்கில்,
எதிரே லாரி வராத, ஆடு குறுக்கே ஓடாத,
எல்லோரும் ஒரே திசையில் போகிற தாரில்
முட்டி தரையை உரசுகிற அளவுக்குச் சாய்வதற்கு.
போன வருஷம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
நேர்ப்பாதையில் பெரிய வண்டிகள்
ஊரைக் கூட்டிக்கொண்டு போயின.
மூன்றாம் வளைவில்
ஒரு நோஞ்சான் நூற்றைம்பது
உள்பக்கமாக நுழைந்து
ரெண்டு பேரைத் தாண்டிப் போனது,
சந்தையில் கூடையோடு போகிறவள்
இடித்தும் இடிக்காமலும் போகிற மாதிரி.
திரும்பி வந்த பஸ்ஸில்
ராமநாதபுரம் வரைக்கும் கண் மூடவில்லை.

கையில் தொண்ணூறாயிரம். தள்ளி எடுத்த சீட்டு.
பில்லிங்கில் இருக்கிற பவுசியா
எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
தோல் உடுப்பு வாடகை. பூட்ஸ், கையுறை.
நல்ல ஹெல்மெட், அதில் பேரம் கிடையாது.
ரெண்டு டயர். பிரேக் கட்டை.
டிராக்கில் ஒரு நாள் கட்டணம், அதை மூன்றால் பெருக்கி.
உக்கடம் போகிற மீன் லாரியில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வண்டி ஏற்ற டிரைவருக்கு.
கோடு போட்டுக் கூட்டினாள்.
"வண்டிக்கு முப்பத்தாறு மிஞ்சுது, ரெமி.
அதுக்கு மேல போனா
வாங்கி வச்சுக் கும்பிடலாம். ஓட்ட முடியாது."

நான் கேட்கவில்லை.
உச்சிப்புளியில் ஒரு ஆரஞ்சு முந்நூற்றுத் தொண்ணூறு,
எழுபத்தெட்டு சொன்னார்கள், போனேன்.
நேற்றுப் பூசிய மெழுகில் என் முகமே தெரிந்தது.
"மழையில நனைஞ்சதே இல்ல அக்கா."
இந்தச் சீமையில் அது என்ன பெருமை?
குனிந்து, சங்கிலிக்குப் பின்னால்,
ஸ்விங் ஆர்மின் அடிவயிற்றில் விரலை வைத்தேன்.
செதில் செதிலாக வந்தது.
முன் ஃபோர்க்கில் அம்மைத் தழும்பாக உப்புப் புள்ளி,
அதன் கீழே எண்ணெய்க் கசிவு.
ஏழு வருஷக் கச்சான் காற்றை
வாசலில் நின்று வாங்கிய வண்டி.
ஆனாலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன்.
அந்த உறுமலுக்கு
இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால்
கையெழுத்தே போட்டிருப்பேன்.

பெரியபட்டினத்தில் நைனா முகமது
சவூதி விசாவுக்காக விற்கிற இருநூறு சிசி.
வலது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு,
பிரேக் பிடி வளைந்திருந்தது, இண்டிகேட்டர் இல்லை.
நான் கேட்பதற்கு முன்பே,
"வேதாளை வளைவுல போட்டேன். மணல்.
இந்தப் பக்கமாத்தான் போனேன்" என்று
முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.
வண்டி நின்றது வீட்டு நடுக்கூடத்தில்,
பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் இடையில்.
"வாப்பா தினமும் ஏசும்.
வெளிய நிறுத்தினா உப்பு தின்னுடுமே."
கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து
அடியில் அமுக்கினேன்.
எதிர்த்து நின்றது.

முப்பத்தெட்டு சொன்னார். முப்பத்தி மூன்று கேட்டேன்.
முப்பத்தைந்தில் தேநீர் வந்தது.

"புதுசா வாங்குனா என்ன?" என்றான் தம்பி.
புதுசை எப்படிடா நான் கீழே போடுவேன்?
முதல் மூன்று மாதம்
விழுவதற்குத்தானே போகிறேன்.
இது ஏற்கெனவே விழுந்து பார்த்தது.
எப்படி என்று அதற்குத் தெரியும்,
எனக்குத்தான் தெரியாது.

கண்ணாடி இரண்டையும் கழற்றினேன்.
டிராக்கில் அதற்கு வேலையில்லை.
ஒன்று இப்போது கம்பெனியில்
கை கழுவுகிற தொட்டிக்கு மேலே தொங்குகிறது,
வலைத்தொப்பிக்குள் முடியைத் திணிக்க
ஷிப்டுக்கு முன்னால் வரிசை நிற்கிறது.

வண்டியைத் தினமும்
நல்ல தண்ணியில் துடைக்க வேண்டும்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
பவுசியா கணக்கில் அது விட்டுப்போயிருக்கிறது.