ஆம் எனில் விளக்குக

இரவு பத்தே முக்காலுக்கு
கல்லடிப் பாலத்து அளவுகோலில்
தண்ணீர் இன்னும் நாலு விரல் ஏறியிருந்தது.
கச்சேரியின் மேல்மாடியில்
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேர்,
ஆறிப்போன பிளேன்டீ,
மறுகா அது.

கொழும்பிலிருந்து வந்து பூட்டிவிட்டுப் போனார்கள்.
"முடிவு எடுக்காது, மேடம்.
எடுக்க உதவும், அவ்வளவுதான்"
என்றான் ஒரு பொடியன்,
பாலமீன்மடுவை ஒருதரமும் பாராதவன்.

முகத்துவாரத்தை வெட்டினால்
படுவான்கரையில் குடலைப் பயிர் தப்பும்:
ஏக்கர் இவ்வளவு, ரூபாய் இவ்வளவு.
வெட்டாவிட்டால் வாவியில்
இறால் இன்னும் மூன்று கிழமை வளரும்:
தோணி இவ்வளவு, ரூபாய் இவ்வளவு.
திரையில் இரண்டு தூண்கள் எழும்பின,
ஒன்று பச்சை, ஒன்று நீலம்,
கிட்டத்தட்ட ஒரே உயரம்.
நடுவே ஒரு குமிழ். இழுத்துப் பாருங்கள் என்றது,
யாருடைய பசிக்கு எவ்வளவு எடை.

இழுத்தேன். பச்சை வளர்ந்தது.
மற்றப் பக்கம் இழுத்தேன். நீலம்.
என் சுண்டுவிரல் அசைவுக்கு
மண்டூரில் ஒரு வெள்ளம் வடிந்து
திரும்பவும் ஏறியது.

அதற்குப் பிறகுதான் கேட்டது:
இந்த முடிவால் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ
லாப நட்டம் உண்டா?
ஆம் எனில் விளக்குக.

வெல்லாவெளியில் என் புருஷனுக்கு மூன்றரை ஏக்கர்.
உரத்துக்கு அடகு வைத்த காப்பு இன்னும் மீளவில்லை.
பதினொரு வருடக் கூட்டங்களில்
எவரும் இதைக் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.
ஆம் என்று அழுத்தினேன்.
என் பெயர் சாம்பல் நிறமானது.

பிலேந்திரன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.
அவர் மச்சான்மார் நாவலடியில்
அத்தாங்கு இழுக்கிறவர்கள். ஆம்.
நஸ்மி கொஞ்சம் யோசித்தான்.
காத்தான்குடியில் அவன் மாமாவுக்கு அரிசி ஆலை.
"அதுவும் கணக்கா?"
"நீயே சொல்லு" என்றேன். ஆம்.
பகிடிக்கு, கீழே காவலாளியையும் கூப்பிட்டோம்.
திராய்மடுவில் அவர் வீட்டுக்குள்
முழங்கால் தண்ணீர்.

தகுதியானவர் எவரும் இல்லை, என்றது திரை.
சிரித்தோம்.
இந்த வாவியோரம்
நட்டமில்லாத ஒருவனைத் தேடி
அது எந்தக் கடலுக்குப் போகும்?
சிரிப்பு நின்ற இடத்தில்
மழை கேட்டது.

மறுகா நான் இறாலுக்காகப் பேசினேன்.
"உங்களுக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும்"
என்று பிலேந்திரன் கத்தினார்.
கத்திவிட்டு, குடலைப் பயிர் தண்ணிக்குள்
எத்தனை நாள் தாங்கும் என்று
என்னிடமே கேட்டார்.
நஸ்மி ஒன்றும் பேசாமல்
அளவுகோலைப் பார்க்கப் போய்
நனைந்து வந்தான். இன்னும் இரண்டு விரல்.

மணலடியில் பெக்கோ காத்து நின்றது.
"வெட்டுறதா, விடுறதா?
டீசல் எரியுது" என்றது போன்.

ஒன்று இருபதுக்கு, வெட்டு என்றோம்.
முடிவெடுத்தவர் பெயர் கேட்டது.
ஒரு பெயர்தான் ஏற்குமாம்.
இடைவெளி விடாமல்
மூன்றையும் சேர்த்து அடித்தேன். ஏற்றது.

விடிய,
வெளிச்சவீட்டுப் பக்கம்
வாவி மண்நிறமாய்க் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருக்க,
வெறும் அத்தாங்கோடு ஒருத்தி
கரையிலிருந்து கிறுகி என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஆம், என்றேன்.
விளக்க வரவில்லை.