மற்றவை

நேர்காணலில் மூன்றே கேள்வி.
இந்தி வருமா, தெலுங்கு வருமா,
ராத்திரி ஷிப்டுக்கு வருவியா.
மொழிக்கு ஐநூறு ரூபாய் கூடுதல்.
வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி.
டோக்கன் நாற்பத்தேழு ஆறாம் அறைக்கு என்பதை
மூன்று விதமாகச் சொல்வதுதான் வேலை.

நேற்றுப் பின்னிரவு
வெங்காய லோடு இறக்க வந்த சோலாப்பூர் லாரிக்காரர்
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்.
டோளா, டோளா.
நர்ஸ் பொன்னழகு அவர் தோளை அமுக்கி
இங்கேயா, இங்கேயா என்றாள்.
இந்தி தெரிந்த மனுஷன்தான்;
வலிக்கு இந்தி வரவில்லை.
எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது:
எங்கள் வீட்டில் கண்ணுக்குக்
கிட்டத்தட்ட அதே சொல்.

இரும்புத்தூளை எடுத்துக் கட்டுப் போட்டதும் கேட்டார்,
எந்த ஊர்?
மகால் ஐந்தாவது தெரு.
அதற்கு முன்னால்?
கீழவாசல். வாடகை ஏறிவிட்டது.
அவர் கேட்டது அதையில்லை என்று
டீ வாங்கப் போகும்போதுதான் உறைத்தது.

காலையில் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.
மராத்தி போட்டுக்கட்டுமா?
மராத்தி தெரியாது சார்.
பிறகு எதில் பேசினாய்?
சௌராஷ்ட்ரத்தில்.
பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.
கடைசியில் 'மற்றவை' என்றொரு கட்டம்.
அதை அழுத்தினார். பக்கத்தில்
சுழியம் வந்து உட்கார்ந்தது.

வாசலில் ஒரு மூட்டை.
என் பெயர் தெரியாமல்
'டோளா மேடத்துக்கு' என்று வாட்ச்மேனிடம்
கொடுத்துப் போயிருக்கிறார்.
பதினைந்து கிலோவாவது இருக்கும்.
ஆட்டோக்காரர் இருநூறு என்றார்.
அவரிடம் மட்டும்
மதுரைத் தமிழ் போதுமானதாக இருந்தது.