முட்டுக்கொடுத்த புத்தகம்

நான் படிப்பாளி இல்லை,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பத்தொன்பது டன் கமலா ஆரஞ்சோடு
ஜார்ஜியாவிலிருந்து வடக்கே போகிறவன்.
அந்தப் புத்தகம் என் வண்டிக்குள் வந்ததே
கேஸ் அடுப்பின் உடைந்த காலுக்கு
முட்டுக்கொடுக்கத்தான்.
அட்டை இல்லை. எழுதியவர் பெயர் இல்லை.
நூற்றைம்பது வருஷத்துப் பழசு என்றாள்
பழைய பேப்பர்க்காரி.
கையில் தூக்கிக் கனம் பார்த்து,
அடுப்புக்குச் சரியாக இருக்கும் என்றும்.

கணவாயில் பனிச்சரிவு.
முந்நூறு லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று மோந்தபடி.
முதல் நாள் சீட்டாடினோம்.
இரண்டாம் நாள் சீட்டாட்டத்தில் சண்டை.
மூன்றாம் நாள் செல்போன் டவர் செத்தது.
நான்காம் நாள் கேஸ் தீர்ந்து
அடுப்பைத் தூக்கி ஓரமாய் வைத்தேன்.
அடியில் அது,
சூப் பொங்கிய கறையோடு.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்:
முதல் முப்பது பக்கம் கல்லும் முள்ளும்.
ஒரு வீட்டுக் கூரையை மட்டும்
ஆறு பக்கம் விவரிக்கிறான் மனுஷன்.
தாண்டிப் போனேன். யாரும் மறிக்கவில்லை,
அங்கே சுங்கச்சாவடி கிடையாது.
ஆளாளுக்கு மூன்று பெயர் வேறு.
யாருக்கு யார் என்ன முறை என்று
ஆரஞ்சுப் பெட்டியில் கரித்துண்டால் எழுதிவைத்தேன்.

முப்பத்தோராம் பக்கத்தில்
ஒரு விதவைக்குக் கடிதம் வருகிறது.
அவள் பிரிக்கவில்லை.
மாவு ஜாடிக்குள் போட்டு மூடுகிறாள்.
அவ்வளவுதான்.
எனக்குத் தூக்கம் போயிற்று.

என்னிடமும் இருந்தது ஒன்று,
வங்கியிலிருந்து வந்தது,
டாஷ்போர்டு பெட்டியில், கையுறைக்கு அடியில்,
இரண்டு மாதமாய்ப் பிரிக்காமல்.
நான் பிறக்காத காலத்தில்
எவனோ அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான்.

காலையில் ஹ்ராந்த் வந்தான், தீப்பெட்டி கேட்டு.
கடித விஷயத்தைச் சொன்னேன்.
"பிரிச்சாளா?"
"இன்னும் இல்லை."
தீப்பெட்டியை மறந்துவிட்டு நின்றான்.
இருட்டுவதற்குள் பதினோரு பேர்
என் கதவைத் தட்டிவிட்டார்கள்.
எல்லோருக்கும் அரைகுறை ரஷ்ய மொழி,
அது போதுமாக இருந்தது.

மீன் வெட்டும் கத்தியால்
புத்தகத்தை ஐந்தாகப் பிளந்தேன்.
பாவம்தான். படிக்காமல் வைத்திருந்ததைவிடச்
சின்னப் பாவம்.
கட்டுகள் லாரிக்கு லாரி கைமாறின.
சாலைப் பலகை தவிர எதையும் படிக்காத
கசாக்குக்காரன் செரிக்பாய்
விதவையின் மைத்துனனைப் பெயர் சொல்லித் திட்டினான்,
பனியில் நின்று,
தன்னிடம் கடன் வாங்கி ஓடியவனைத் திட்டுவதுபோல.

ஆறாம் நாள் விடியலில் பாதை திறந்தது.
ஹாரன், டீசல் புகை, விசில்.
அவரவர் கையில் இருந்த கட்டோடு
அவரவர் போனார்கள்.
கடைசிக் கட்டு ஹ்ராந்தோடு,
நாற்பது குளிர்சாதனப் பெட்டிகளோடு, எந்த ஊருக்கோ.
என்னிடம் நடுப்பகுதி.
ஜாடி இன்னும் மூடியே இருந்தது.
ஆரஞ்சில் பாதி அழுகிப்போனது,
முதலாளி கத்தினார், அது வேறு கதை.

ஏப்ரலில், மலை வளைவு ஒன்றில்,
எதிரே வந்த லாரி விளக்கைச் சிமிட்டியது.
ஜன்னலில் ஹ்ராந்தின் தலை.
"பிரிச்சுட்டா!" என்று கத்தினான்.
மேற்கொண்டும் என்னவோ கத்தினான்,
அதைச் சுரங்கப்பாதை விழுங்கிவிட்டது.

அடுத்த ஊரில் வண்டியை ஓரங்கட்டி
நூலகம் எங்கே என்று போலீஸ்காரரைக் கேட்டேன்.
லாரிக்காரன் கேட்கிற கேள்வியா இது?
வாயை ஊதச் சொன்னார்.
வண்டிக் காகிதங்களைக் கேட்டார்.
காகிதங்களோடு வங்கிக் கடிதமும் வந்தது,
பிரித்த உறையாய்.

"புத்தகத்தின் பெயர்?"
"தெரியாது. மாவு ஜாடிக்குள் ஒரு கடிதம்..."

அவர் முகம் மாறியது.
குரலைத் தாழ்த்தி,
"எதுவரை வந்திருக்கிறாய்?" என்றார்.
"நடுவில்."
"அப்படியானால் நான் ஒன்றும் சொல்லக் கூடாது,"
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
இடதுபக்கம் கைகாட்டினார்.
"ஓடு. ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்."