வியாழக்கிழமைப் பலகை

அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன்.
பதினோரு வருடம் எழுதியாகிவிட்டது.

ஹனோவருக்கு வெளியே டயர் தொழிற்சாலை,
முந்நூறு பேர் சாப்பிடும் கூடம்.
சமையலறையில் என் கையெழுத்துதான் அழகாம்.
ஆகவே கரும்பலகை என் பொறுப்பு.
திங்கள் அவரை சூப். செவ்வாய் மீன்.
வியாழன்தோறும்
பொரித்த பன்றித் துண்டம், அதன்மேல்
குடைமிளகாயும் வெங்காயமும் குழைந்த சிவப்பு சாஸ்.
சாஸின் பெயர் என் மக்களின் பெயர்.
இல்லை,
எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வைத்த பெயர்.
எங்களுக்குள் நாங்கள் சிண்ட்டி.

முதல் எழுத்து இசட்.
அதன் வாலில் நான் ஒரு சுழி வைப்பேன்.
"கலைஞர்தான் நீ" என்பார் மேலாளர் ஹோல்ட்காம்ப்.
கலை இல்லை அது.
சுழி இல்லாத இசட்
என் அத்தை மிமேலியின் இடது முன்கையில் இருந்தது,
பின்னால் நான்கு இலக்கங்களோடு.
ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.
பாத்திரம் தேய்க்கும்போது மட்டும்
துணி ஒரு விரற்கடை மேலே ஏறும்.
கடைசி இலக்கத்தின் கால் தெரியும்.

அவளைப் பதிவுசெய்த அலுவலகத்துக்கும்
வாசலில் ஒரு பலகை இருந்ததாம்.
போர் முடிந்ததும் அழித்து எழுதினார்கள்:
நாடோடிகள் பிரிவு.
அலமாரி அதே. அட்டைகள் அதே.
நஷ்டஈடு கேட்டு அத்தை போனபோது
அவள் மூக்கை அன்று அளந்தவரே
நிபுணராக உட்கார்ந்திருந்தார்.
அடைத்தது இனத்துக்காக அல்ல,
குற்றம் நடக்காமல் தடுப்பதற்காக.
தீர்ப்பு ஒன்றரைப் பக்கம்.
குற்றம் செய்யவிருந்தவளுக்கு அப்போது பத்து வயது,
கடைவாய்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

என் காலத்தில் அடிக்கவில்லை யாரும்.
வகுப்பில் பென்சில் காணாமல் போனால்
முதலில் என் பை திறக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன்.
சொல்லின் வேர் கிரேக்கம் என்கிறார்கள்.
பொருள்: தொடக்கூடாதவர்.
மூடிவிட்டுக் கையைப் பார்த்தேன்.
தினம் முந்நூறு தட்டு
தொட்டுக் கொடுக்கும் கை.

இந்த வருடம் கம்பெனி புட்டியின் பெயரை மாற்றியது.
ஹோல்ட்காம்ப் ஈரத்துணியை நீட்டினார்.
"ஹங்கேரி முறை பாப்ரிகா சாஸ். எழுது.
யாருக்கோ மனம் நொந்துவிட்டதாம்."
துடைத்தேன். சுழி மட்டும் போகவில்லை.
அதன்மேலேயே எழுதினேன்.

வரிசை முணுமுணுத்தது.
"சாஸ் என்ன பாவம் செய்தது?"
"சின்ன வயதிலிருந்து சொல்கிறோம், ஆசையாகத்தானே."
"அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்."
"உனக்கு யாரையாவது தெரியுமா அவர்களில்?"
யாருக்கும் யாரையும் தெரியவில்லை.

கரண்டி என் கையில்.
இங்கே நான் இத்தாலிக்காரி.
சேர்ந்த அன்று யாரோ கேட்டார்கள், இத்தாலியா என்று.
தலை தானாக ஆடிவிட்டது.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
எல்லோரும் காசு போட்டு எனக்கொரு
இத்தாலி கேக் வாங்கித் தருகிறார்கள்.
நல்லவர்கள். உலர்ந்த திராட்சை எனக்குப் பிடிக்காது.

கடைசல் பிரிவு ஊவ கண்ணடித்தார்.
"எனக்குப் பழையதையே போடு."

"எது பழையது?"

"தெரியுமே உனக்கு."

"தெரியாது. சொல்லுங்கள்."

சொன்னார்.
சத்தமாக, சிரித்துக்கொண்டு,
வரிசைக்கெல்லாம் கேட்கும்படி.

"அது நான்தான்" என்றேன்.

தட்டு அவர் கையிலும் இருந்தது, என் கையிலும்.
அவர் இழுக்கவில்லை. நான் விடவில்லை.
சாஸின் மேல் ஏடு படியத் தொடங்கியது.
பின்னாலிருந்து ஒருவர்,
என்ன நடக்கிறதென்று அறியாமல்,
"நகருங்கப்பா, பசிக்குது" என்றார்.