அக்கார்டியன் துளை

எஃகு ஆலைக்கு மூன்று தெரு தள்ளி,
இந்தியானாவின் கேரி நகரத்தில்,
பெர்னடீன் வோய்டாஸ் சங்கிலியை விடாமல் கதவைத் திறந்தாள்.
"கிட்டார்ப் பெட்டி வாங்க வந்தவனா?"
ஆமாம்.
பழைய ஆம்ப்ளிஃபையருக்கு
முதுகைக் கழற்றிப் பார்த்துத்தான் விலை சொல்வேன்.

நிலவறைக்குப் பதினோரு படி.
துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது.
சாம்பல் நிற உறை, தலையில்
பூந்தொட்டி வைத்து எடுத்த ஈர வட்டம்.
சிகாகோவில் ஒரே கூரையின்கீழ் செய்து,
தபாலில் விற்கும் கடைகளுக்கு
ஆளுக்கொரு பெயர் ஒட்டி அனுப்பிய சாதி.
பெரிய பெயர் வாங்க வக்கில்லாதவர்கள் அன்று வாங்கியது,
பெரிய பெயர் வாங்கி அலுத்தவர்கள் இன்று தேடுவது.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஸ்பீக்கர் விளிம்பில் குத்திய எண்களைப் படித்தேன்:
அறுபத்தொன்று, பதினேழாவது வாரம்.
"ஏப்ரல் கடைசி," என்றாள் யோசிக்காமல்.
"அந்த வாரம்தான் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள்."

முன்பலகையில் மூன்று துளை.
கிட்டார் என்று எழுதியது புதுக்காசு போலப் பளபளத்தது.
அக்கார்டியன் என்று எழுதியதில்
முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது.
இத்தனை வருடத்தில் இந்தக் கிட்டார்ப் பெட்டி
ஒரு கிட்டாரின் முகத்திலும் விழிக்கவில்லை.

சிக்மண்ட் வோய்டாஸ்,
வாரமெல்லாம் உலைக்கு முன்னால் வெந்து
சனிக்கிழமை கல்யாணங்களில் போல்கா வாசித்தவன்.
வாசிப்பு சுமார், என்றாள்.
சத்தத்துக்குக் குறைவில்லை.

"போடு, கேட்போம்."

செருக எதுவுமில்லை.
அக்கார்டியன் மூத்த மகளோடு டென்வர் போய்விட்டது.
வெறுமனே சுவிட்சைத் தட்டினேன்.
வால்வுகள் சோம்பலாகச் சிவந்தன,
பிறகு வந்தது அந்த
ம்ம்ம்ம்.

"இதுதான். இதேதான்.
குடித்துவிட்டு வந்து அணைக்காமல் தூங்கிப்போவான்.
மேலே என் கட்டில் கால் வழியாக ஏறும்."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.
கெபாசிட்டர் காய்ந்துவிட்டது, என்றேன்.
பன்னிரண்டு டாலர் வேலை.
மாற்றினால் இது போய்விடும்.

அவள் விரலை உயர்த்தினாள்.
மேலே சமையலறையில் ஃப்ரிட்ஜ் விழித்து
அதே சுருதியைப் பிடித்தது.
"அப்படியானால் அதுவும் காய்ந்ததா?"
இல்லை. அது இந்த ஊர் மின்சாரம்,
எதற்குள் போனாலும் அப்படித்தான் முனகும்.

வெகுநேரம் இரண்டையும் கேட்டோம்.
ஃப்ரிட்ஜ் முதலில் நிறுத்தியது.

நானூறு, என்றேன்.
"ஐந்நூறு. பெட்டியைத்தானே கொண்டுபோகிறாய்,
மின்சாரம் இங்கேதான் இருக்கப்போகிறது."

கொடுத்தேன்.
பதினோரு படியும் நானேதான் தூக்கினேன்,
அவள் பின்னால் வந்து
சுவரில் இடிக்காதே என்றபடி.

பட்டறையில் முதல் வேலை
உள்ளே தேங்கியதை வடிப்பது.
அணைத்த பெட்டியிலும் ஆளைத் தூக்கியெறிய
ஒரு மிச்சம் இருக்கும்.
பிறகு புது கெபாசிட்டர், புது மின்கம்பி.
சுத்தமான மௌனம்.

நகோயாவில் ஒருவர் வாங்கினார்.
பார்சல் வந்தது, நன்றி, இரைச்சலே இல்லை என்று எழுதி,
கீழே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்:
அக்கார்டியன் துளையில் கிட்டாரைச் செருகினால்
ஏதாவது ஆகுமா?

செருகிப் பாருங்கள், என்று எழுதினேன்.
கொஞ்சம் தடித்த குரலில் பேசும்.