ஈய எழுத்து

செவ்வாய்க்கிழமைகளில் சிறைக்கு.
மற்ற நாட்களில் முதியோர் இல்லங்கள், ஒரு நிலக்கரிச் சுரங்கம்,
பனியில் வழுக்கி இடுப்பு உடைந்த பண்ணைக்காரர்கள்.
படத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம்.
பெட்ரோல் என் கணக்கு.

கிழக்கு மொன்டானாவில்
தொண்ணூறு மைல் பக்கக்காற்றில் வேன் ஓட்டினால்
ஸ்டியரிங்கை விட்ட பிறகும்
கை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

வாசலில் எண்ணுவார்கள்.
இயந்திரம் ஒன்று. தகடு இரண்டு. ஈய அங்கி ஒன்று.
கேபிள், அதன் நீளம்.
ஒட்டுநாடாவில் எத்தனை சுற்று மீதி என்று
கின்கேட் ஒருமுறை உரித்தே பார்த்தான்.
ஈய எழுத்துகள் இரண்டு:
வலத்துக்கு ஆர், இடத்துக்கு எல்.
ஓரத்தில் பொடியாக எம்.டி.
மார்லிஸ் ட்வைட், நான்தான்.
யார் எடுத்த படம் என்று நாளை எவராவது கேட்டால்
அது பதில் சொல்லும்.
உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும்,
ஆட்கள் நீங்கலாக.

பெரும்பாலும் கைகள்.
சுண்டுவிரலுக்குக் கீழே முறிவு.
சுவரைக் குத்தினால் அங்கேதான் உடையும்.
சுவரைப் படமெடுக்க யாரும் என்னை அழைத்ததில்லை.
ஒருவன் பேட்டரி விழுங்கியிருந்தான்.
ஒருவனுக்கு எங்கும் எதுவும் உடையவில்லை;
இந்த அறைக்கு வரும் நடையில் ஒரு ஜன்னல் இருக்கிறது.

இடுப்புச் சங்கிலியைக் கழற்றச் சொல்வேன்.
கின்கேட் கழற்ற மாட்டான்.
சரி, கொஞ்சம் இறக்கிவிடு என்பேன்,
நுரையீரலின் அடியில் சங்கிலி விழுந்தால்
எங்கோ நகரத்தில் ராத்திரி படம் பார்க்கும் டாக்டர்
இது என்ன கட்டி என்று கேட்பார்.

அன்று கடைசியாக டெல்பர்ட் ஹாஸ்.
சீட்டில்: மார்பு. இருமல், ஆறு வாரம்.
மோவாயைத் தூக்குங்க.
தோளை முன்னால.
மூச்சை இழுங்க. பிடிங்க.
பிடித்தார்.
விடுங்க என்ற பிறகும்
கொஞ்சநேரம் விடவில்லை.

திரையில் விலா எலும்புகள் வந்தன.
மேலே ஒரு மூலையில், வெள்ளையாக, இருக்கக்கூடாத ஒன்று.
ஒப்பந்தம், பத்தி பதினொன்று:
படம் குறித்துக் கைதியிடம் பேசலாகாது.
எல் அதன் இடத்தில் இருந்தது.
தட்டில் கிடக்க வேண்டிய ஆர்
இதயத்தின் மேல்,
சட்டைப்பையில்,
சாய்ந்து கிடந்தது.
இடப்பக்கத்தில் நின்றுகொண்டு வலம் என்றது.

கதவோரம் கின்கேட் சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருந்தான்.
திரை என் பக்கம்.
சொன்னால் பிளாக் முழுக்கப் பூட்டு,
இவருக்குத் தனிக்கொட்டடி எத்தனை நாளோ.
சொல்லாவிட்டால் வாசலில் எண்ணிக்கை உதைக்கும்.

படம் ஆடிப்போச்சு, இன்னொன்று எடுக்கணும், என்றேன்.
பையில ஏதோ மடிப்பு விழுந்திருக்கு.
என்னைப் பார்த்தார்.
பைக்குள் விரல் போனது. தட்டில் டக்கென்று ஒரு சத்தம்.
விதை உரிக்கும் சத்தம் அதைவிடப் பெரிது.

ரொம்பக் குறைந்த குரலில், நான் கேட்காமலே சொன்னார்:
கனமா இருந்துச்சு.
இங்க எல்லாம் பிளாஸ்டிக்.

இரண்டாவது படம் சுத்தம்,
அந்த வெள்ளையைத் தவிர.
முதல் படத்தை அழிக்க மென்பொருள் காரணம் கேட்டது.
நோயாளி அசைந்தார், என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

என்ன தெரியுது?
டாக்டர் சொல்வார்.
நீங்க பார்த்தீங்களே.
பார்த்தேன், என்றேன்.
பத்தி பதினொன்றில் அந்த ஒரு சொல்லும் சேருமா
என்று இன்றுவரை தெரியவில்லை.

வாசலில் எண்ணிக்கை சரியாக வந்தது.
ராத்திரி அந்த ஆரைச்
சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
பில் போட்டேன்: மார்பு, ஒன்று.

அடுத்த செவ்வாய் பட்டியலில் ஹாஸ் இல்லை.
சிடி ஸ்கேன் வேறு கம்பெனிக்கு.
எனக்கு ஏழு கை.
ஏழும் வலது.